கடைவாய்ப் பல் மூச்சை அடைத்தபோது

என் தொண்டைக்குழியில் ஒரு தழும்பு இருக்கிறது. சுண்டு விரல் நகத்தின் அளவுதான். பார்க்கிறவர்கள் தைராய்டா என்று கேட்கிறார்கள். பல்லில் சீழ் பிடித்ததால் வந்தது என்று சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். போன ஆடி மாதத்துக்கு முன்னால் யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பல்வலியில் யார் சாகிறார்கள்?

எனக்கு முப்பத்தாறு வயது. கும்மிடிப்பூண்டியில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டிச் சீராக்கி, குறை இருக்கிறதா என்று பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். என் கணவர் பாபு பக்கத்து இரும்புக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீடு கவரைப்பேட்டையில். ஒரே மகள் யாழினி, ஆறாம் வகுப்பு.

வலது பக்கம் கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தைய பல்லில் ஒரு குழி இருந்தது. சித்திரை மாதம் அது என்னைப் படாத பாடு படுத்தியது. தண்ணீர் பட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். ஒரு வாரம் மாத்திரை போட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. சுத்தமாக இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பல் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பல் சரியாகவில்லை, செத்துப்போயிருந்தது. பல்லுக்குள் நரம்பும் ரத்தமும் ஓடும் ஒரு சதை இருக்கிறது. குழி வழியாகக் கிருமி அதுவரை போனால் வலிக்கும். அந்தச் சதை அழுகிவிட்டால் வலி சொல்ல நரம்பு இருக்காது. ஆனால் கிருமி அங்கேயேதான் இருக்கும், வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இதை எனக்குச் சொன்ன டாக்டர் ஒரு குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அதைப் பார்த்தபோது என் கழுத்தில் மூன்று ரப்பர் குழாய்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

வைகாசி, ஆனி மாதங்களில் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு கொப்புளம் வந்து வந்து போனது. அழுத்தினால் உப்பாகவும் நாற்றமாகவும் ஏதோ வாயில் இறங்கும். துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பேன். உடைந்துவிட்டதே, இனி ஆறிவிடும் என்று நினைப்பேன். அது ஆறுகிற வழியல்ல, சீழ் வெளியே வரும் வழி. அந்த வழி அடைத்துக்கொண்டால் சீழ் வேறு வழி தேடும். என் உடம்பில் அது உள்பக்கமாகத் தேடியது.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை வலது தாடைக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் அளவு வீங்கியது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். சனிக்கிழமை வீக்கம் கன்னம்வரை ஏறியது. பாபு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஷிப்டு முடிந்து வந்த களைப்போடு அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, மூட்டை ஆற ஆற மறுபடி சூடாக்கி வைத்தார். சூடு பட்டதும் இதமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போவதாக என் அக்கா அம்சா திருநின்றவூரிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வரவில்லை என்றேன். என் குரலைக் கேட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாடி கலா, வாய்ல கொழுக்கட்டய வச்சிக்கினு பேசற மாதிரி கீது?”

“வீக்கம்க்கா. நாளைக்குக் காட்டலாம்னு கீறேன்.”

“நாளைக்கின்னா? இன்னைக்கே போவலாம் வா.”

“இன்னைக்கு பல் டாக்டரு இருக்க மாட்டாங்க. நீ போய்ட்டு வா.”

மாலைக்குள் எச்சில் விழுங்க முடியாமல் போனது. துண்டை வைத்துக்கொண்டு வழியும் எச்சிலைத் துடைத்தபடி இருந்தேன். படுத்தால் நாக்கு பின்னால் போய் அடைப்பதுபோல் இருந்ததால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். காய்ச்சலும் இருந்தது. இத்தனைக்கும் எனக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. பல்லைப் பிடுங்குவார்கள், வலிக்கும், அதற்குத்தான் பயந்தேன்.

திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஒரு சின்னப் பெண். முப்பதைத் தொட்டிருக்க மாட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, பட்டனை அழுத்தி என்னைப் பின்னால் சாய்த்தார். பாதி சாய்வதற்குள் எனக்கு மூச்சு நின்றது. கையை உதறினேன். அவர் சட்டென்று நாற்காலியை நிமிர்த்தினார்.

“வாயைத் திறங்கம்மா.”

திறக்க முடியவில்லை. அவருடைய சின்னக் கண்ணாடி பல் இடுக்கில் நுழையவில்லை. கையுறை போட்ட விரல்களால் என் முகவாய்க்கு அடியில் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பலகையைத் தொடுவதுபோல் அங்கே கெட்டியாக இருந்தது. நாக்கை வெளியே நீட்டச் சொன்னார். அது அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பி நின்றது.

டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. எனக்குச் சிகிச்சை செய்ய வேண்டியவர் என்னைப் பார்த்தே பயந்துபோனார்.

“அண்ணா, இது கிளினிக்ல பாக்கிற கேஸ் இல்ல,” என்று பாபுவிடம் சொன்னார். “சீழ் நாக்குக்குக் கீழ இறங்கி ரெண்டு பக்கமும் பரவியிருக்கு. இன்னும் வீங்குச்சின்னா மூச்சுக்குழாய அடைச்சிடும். உடனே சென்னைக்குப் போகணும்.”

“பல்லு வலிதானே மேடம்?” என்றார் பாபு. “மதியம் லீவு சொல்லிட்டு இட்டுனு போறேனே.”

“மதியம் வரைக்கும் டைம் இருக்கான்னு எனக்குத் தெரியாதுண்ணா.”

டாக்டரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வெளியே காத்திருந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார். ஒரு கடிதம் எழுதினார். அதை எங்களிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு வண்டியில் ஏறினார். ஏன் என்பது பத்து நிமிடத்தில் புரிந்தது. வண்டியில் இருந்த உதவியாளர் என்னைப் படுக்கையில் சாய்க்க வந்தார்.

“படுக்க வைக்காதீங்க! உக்காந்தே வரட்டும்,” என்று அந்தப் பெண் கத்தினார்.

செங்குன்றம் தாண்டும்வரை இன்னும் இரண்டு முறை அதையே சொன்னார். நான் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, எச்சில் துண்டில் வழிய, ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டு வந்தேன். பாபு என் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

சென்னையில் அது ஒரு பெரிய அரசு மருத்துவமனை. அவசரப் பிரிவில் கடிதத்தைப் படித்ததும் என்னைச் சுற்றி ஐந்தாறு டாக்டர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்.

“சுகர் எத்தனை வருஷமா இருக்கு?”

பாபு, “சுகரெல்லாம் இல்ல சார்,” என்றார்.

“நானூறு தாண்டியிருக்கு.”

அதிர்ச்சிகள் இப்படி வரிசையாக வந்துகொண்டிருந்தன. எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை ஒரு பல் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் கிருமிக்குக் கொண்டாட்டம், அதனால்தான் இத்தனை வேகமாகப் பரவியது என்றார்கள். நோயின் பெயரையும் அங்கேதான் கேட்டேன்: லுட்விக்ஸ் அஞ்சைனா. நாக்குக்கும் முகவாய்க்கும் கீழே உள்ள இடம் முழுவதும் இரண்டு பக்கமும் கிருமி பரவிக் கெட்டியாகிப் போவதற்கு அந்தப் பெயர். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் அது ஆரம்பிக்கிறதாம்.

அறுவை சிகிச்சை டாக்டர் பாபுவிடம் ஒரு தாளை நீட்டினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“வாய் வழியா குழாய் போட முடியல. மூக்கு வழியா போட்டாலும் ரிஸ்க். அதனால கழுத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் வைக்கப் போறோம். அப்புறந்தான் மயக்கம் குடுத்து சீழை எடுப்போம், பல்லையும் எடுப்போம்.”

“முழிச்சிக்கினு இருக்கும்போதேவா சார்?”

“ஆமா. மயக்கம் குடுத்தா தசையெல்லாம் தளர்ந்து மூச்சு அடைச்சிடும். மரத்துப்போக ஊசி போடுவோம்.”

“அப்பறம் பேச்சு வருமா?”

“டியூப் இருக்கிற வரைக்கும் வராது. எடுத்தப்புறம் வரும்.”

பாபு கையெழுத்துப் போட மூன்று முறை பேனாவை வைத்து எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நா போடட்டா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் கேட்டதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. என் கழுத்து என்பதால் என்னிடம் கேட்டார்.

அறுவை அரங்கில் என்னைப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தார்கள். கழுத்தில் ஊசி. பிறகு யாரோ அழுத்துவது, இழுப்பது, ஏதோ விலகுவது எல்லாம் தெரிந்தது. வலி இல்லை. ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னையே பாருங்க, என்னையே பாருங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று பயங்கரமாக இருமல் வந்தது. கழுத்தின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. அது என் மூச்சு என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் மார்பு நிறையக் காற்று வந்தது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு முதல் முழு மூச்சு. நான் அழுதேன் என்று அந்த நர்ஸ் பின்னால் சொன்னார்.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். கழுத்தில் மூச்சுக் குழாய், முகவாய்க்கு அடியில் சீழ் வடிய மூன்று ரப்பர் குழாய்கள், மூக்கில் பால் ஊற்றும் குழாய், கையில் மருந்து. மூன்று விதமான கிருமிக் கொல்லி மருந்துகள் ஏறின. மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தார்கள். கழுத்துக் குழாயில் சளி சேர்ந்தால் மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தச் சில நொடிகள் தண்ணீரில் முங்குவதுபோல் இருக்கும். முடிந்ததும் தெளிவான மூச்சு வரும்.

மூன்றாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துப் படுக்கையில் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த செண்பகம் என்ற அம்மா. கழுத்தில் கட்டி எடுத்தவர். என்னால் கூப்பிட முடியாது என்று பார்த்ததும், தன் எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

“தட்டும்மா. நர்ஸு வராட்டி நா கத்றேன். எனுக்குத்தான் தொண்ட கீதே.”

அன்றைக்குக் காலை ரவுண்டில் வந்த டாக்டர், “வீக்கம் வந்தப்புறம் சூடா ஏதாவது ஒத்தடம் வெச்சீங்களா?” என்று கேட்டார். பாபு ஆமாம் என்றார்.

“வைக்கக் கூடாது. இப்படி முகத்துல சீழ் வீக்கம்னா வெளியிலேர்ந்து சூடு வைக்கவே கூடாது. பரவறதுக்கு அது வழி பண்ணும்.”

சொல்லிவிட்டு அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பாபு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. இளநீர் வாங்கி வருவார், ஊற்றும் குழாயைப் பிடிப்பார், துணியை மாற்றுவார், உடனே வெளியே போய்விடுவார். தட்டித் தட்டி அவரைக் கூப்பிட்டேன். செண்பகம் அம்மாவும் சேர்ந்து கத்தினார்: “யோவ், உன்ன கூப்டுது பாரு!”

அவர் வந்ததும் நோட்டில் எழுதிக் காட்டினேன். “மூணு மாசம் டாக்டர்கிட்ட போகாதது நான். நீ இல்ல.”

அவர் படித்தார். “நா வச்ச சூடு தானே,” என்றார்.

“ரெண்டு நாள் தூங்காம வச்ச,” என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்தபடி, பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அந்தப் படம் வரைந்த டாக்டரிடம் நான் நோட்டில் ஒரு கேள்வி எழுதிக் கேட்டேன். நான்தான் மாத்திரை போட்டேனே, ஏன் கேட்கவில்லை? அவர் பொறுமையாகச் சொன்னார். சீழ் ஒரு மூடிய பைக்குள் இருக்கிறது. மருந்து ரத்தத்தில் வருகிறது. பைக்குள் ரத்தம் ஓடாது. அதனால் மாத்திரை பரவுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர, சீழை வெளியே எடுத்து, காரணமான பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தாலோ பல்லைப் பிடுங்கினாலோதான் தீரும். வலி மாத்திரை இன்னும் மோசம், எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்துவிடும். “சித்திரையிலேயே வந்திருந்தா, நாலு தடவை வந்துட்டு வேலைக்குப் போயிருப்பீங்க. பல்லும் மிஞ்சியிருக்கும்,” என்றார். அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் அன்று நான் மதியப் பால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. கழுத்தில் சிறிய குழாயாக மாற்றினார்கள். டாக்டர் என் விரலை எடுத்துக் குழாயின் வாயில் வைத்து, “மூடிக்கிட்டு பேர் சொல்லுங்க,” என்றார்.

“கலா.”

தகரத்தைத் தேய்த்ததுபோல் ஒரு சத்தம். அது நான்தான். செண்பகம் அம்மா கைதட்டினார்.

யாழினியை அக்கா திருநின்றவூருக்குக் கூட்டிப்போயிருந்தாள். அங்கிருந்து அக்கா தினமும் பாபுவுக்குப் போன் செய்வாள். பிள்ளை பயந்துவிடும் என்று குழாயைப் பற்றி யாழினியிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். பாபு போனைப் போட்டு என் காதில் வைத்தார். நான் விரலால் குழாயை மூடினேன்.

“யாழினி.”

“யாரு?”

“அம்மாடி.”

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

பாபு மறுபடி போட்டார். அக்கா எடுத்தாள். பின்னால் யாழினி அலறுவது கேட்டது: “அது எங்கம்மா இல்ல! யாரையோ பேச வச்சி ஏமாத்தறீங்க!”

வீடியோவில் போட்டோம். என் வீங்கிய முகத்தையும் கழுத்துக் குழாயையும் அவள் திரையில் வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

“என் வாட்டர் பாட்டில் மூடி எப்டி ஒடஞ்சது?” என்று கேட்டாள்.

அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். “நான்தான் கீழ உட்டு ஒடச்சேன்,” என்றேன். “உன் மேல பழிய போட்டேன்.”

அப்போதுதான் அழுதாள். போனைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். வெகுநேரம் எங்களுக்குச் சுழலும் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

பதினொன்றாம் நாள் குழாயை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஓட்டை தானாக மூடிக்கொண்டது. பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுகிறேன். வண்டியில் ஏறி வந்த அந்தச் சின்ன டாக்டரிடம்தான் காட்டுகிறேன். அன்று மாலை அவர் எப்படி ஊர் திரும்பினார் என்று கேட்டேன். “டிரெயின்லதான்,” என்றார். “வர்ற வழியெல்லாம் உங்க கேஸையேதான் நெனச்சிக்கிட்டு வந்தேன். புத்தகத்துல படிச்சதுதான். முன்னாடி பாத்ததே இல்ல.”

என் வேலை இடத்தில் பெண்கள் கேட்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஈறில் கொப்புளம் வந்து உடைந்தால் அது குணமில்லை, அந்த வாரமே காட்டுங்கள். தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வீடு வந்து ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொன்னாள்.

“பெரியம்மா போன்ல யார்கிட்டயோ சொல்லிகினு இருந்தாங்கம்மா, கலாவுக்கு கழுத்த அறுத்துட்டாங்கன்னு. நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினேன்.”

என் கை நின்றுவிட்டது. “எப்போ?”

“நீ போன அன்னிக்கே.”

“ஒன்பது நாளா? ஏன்டி யாரையும் கேக்கல?”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவாங்க இல்ல?”

பிறகு, “இன்னொரு பக்கமும் பின்னும்மா, பஸ் வந்துடும்,” என்றாள். நான் பின்னினேன்.